பின்சீற்றுப் பக்கத்துச் சல்லடை

முப்பது வருடங்கள் படகு எஞ்சின் திருத்திப் பிழைத்தவன் நான். கற்பிட்டிக் கரையில் ஒரு படகு வந்து ஒதுங்கினால், மூடியைக் கழற்றும் முன்பே அதன் நோயைக் காதால் கண்டுபிடித்துவிடுவேன். பிளக்கில் கரி பிடித்திருக்கிறது, எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது, விசிறியில் வலைத்துண்டு சுற்றியிருக்கிறது என்று மணலில் நின்றபடியே சொல்லுவேன். உச்சமுனையிலிருந்து வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அதில் எனக்குப் பெருமை. கொஞ்சம் திமிரும் உண்டு என்று என் மனைவி சொல்வாள். கொஞ்சம்தானா என்று அவளையே திருப்பிக் கேட்பேன்.

அப்படிப்பட்டவனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் வந்து வாய்த்தது சத்தமே போடாத ஒரு கார்.

ஆசைப்பட்டு வாங்கவில்லை. மனைவிக்கு மார்பில் கட்டி என்று கண்டுபிடித்து, வெட்டி எடுத்து, அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொழும்பு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எட்டுத் தவணை. டாக்டர் அம்மா கிளினிக் கொப்பியில் திகதியை எழுதி, அதன் கீழே இரண்டு கோடு இழுத்து, உடைந்த தமிழில், "தவணை தப்ப வேண்டாம் ஐயா" என்றார். எங்கள் கரையிலிருந்து கொழும்புக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல். பஸ்ஸில் அவளால் முடியாது. கத்தாரில் இருக்கும் மகன்தான் தொலைபேசியில், "ஹைபிரிட் ஒண்டு எடுங்கப்பா. பெற்றோலும் குடிக்காது, குலுக்கவும் குலுக்காது" என்றான். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. குறித்த நாளில், குறித்த நேரத்துக்கு, அவளை அந்த ஆஸ்பத்திரி வாசலில் இறக்க வேண்டும். எட்டுத் தடவை.

கட்டி என்று சொன்ன நாளிலேயே எனக்குள் ஏதோ நின்றுபோனது. அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், கரைக்குப் போய் எஞ்சின் திருத்தினேன். ஊரார் என்னைத் தைரியசாலி என்றார்கள். அது தைரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். கால் மரத்துப்போன பிறகு அதில் முள் குத்தினால் எப்படியோ, அப்படித்தான் நான் இருந்தேன்.

கார் எங்களிடம் வரும்போதே அதற்கு வயது போயிருந்தது. ஜப்பானில் ஒருவன், சிலாபத்தில் இரண்டு பேர் ஓட்டிக் கழித்தது. வாங்கும் முன் அதைப் பாலாவிச் சந்திக்குக் கிட்ட கராஜ் வைத்திருக்கும் நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்குச் சொந்த ஊர் கனமூலை. என் வயதுதான் இருக்கும். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில் நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார். யாருக்கு யார் மூத்தவர் என்று நாங்கள் கணக்குப் பார்த்ததில்லை. அவர் காருக்கு அடியில் படுத்துத் துரு பார்த்தார். பிறகு ஒரு சின்ன ஸ்கேனரை வயரில் கொழுவி, திரையில் ஓடும் இலக்கங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினை ஒரு தடவைகூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை. இது என்ன வைத்தியம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அண்ணன், இது கிழவிதான். ஆனா நல்ல கிழவி. நீங்க மூணு விஷயம் பாத்தாப் போதும்," என்றார். முன்னால் இருக்கும், எஞ்சினைக் குளிர்விக்கும் இளஞ்சிவப்புத் தண்ணீர் குறையக் கூடாது. டிக்கிக்குள் இருக்கும் சின்னப் பற்றரி இறங்கக் கூடாது, அதனால் காரைச் சும்மா நாட்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. மூன்றாவது, பின்சீற்றின் வலது பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் சல்லடை. "பெரிய பற்றரி பின்சீற்றுக்குப் பின்னால இரிக்கி. அது சூடாகாம இந்த ஓட்டையாலதான் காத்து இழுக்குது. இத மூடிப்போடாதீங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா உள்ளுக்குள்ள விசிறியக் கழட்டித் துடைக்கோணும். கொண்டாங்க, நான் செஞ்சி தாறன்."

"விசிறி கழட்ட எனக்குத் தெரியாதா நானா?" என்றேன்.

"தெரியும் அண்ணன். ஆனா அந்தச் செம்மஞ்சள் வயருகளுக்குக் கிட்டப் போறண்டா கவனம். அதில கை பட்டா ஆள் முடிஞ்சி."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் கரைக்கு வந்த குடும்பம். போர் முடிந்து தன் ஆட்கள் எல்லோரும் திரும்பிப் போனபோது, என்னைக் கட்டிய பாவத்துக்கு அவள் இங்கேயே இருந்துவிட்டாள். அப்படித்தான் சொல்லிச் சிரிப்பாள். எங்கே ஓர் இடுக்கைக் கண்டாலும் எதையாவது செருகிவைப்பது அவளுடைய பழக்கம். பஸ் டிக்கெட் நிலைக்கதவின் வெடிப்பில் இருக்கும், ஊசி நாட்காட்டியில் குத்தியிருக்கும், மருந்துச் சிட்டை அலுமாரிக் கதவின் இடுக்கில் இருக்கும். தலை வாரும்போது உதிர்ந்த முடியை நிலத்தில் விடமாட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாருமே விடமாட்டார்கள். ஆட்காட்டி விரலில் சுற்றி, நுனியால் ஒரு முடிச்சுப் போட்டு, கடலைப் பருமனில் உருட்டி, குசினியின் கிடுகு வேலியில் செருகிவிடுவாள். காகம் தூக்கிப் போய்க் கூடு கட்டினால் தலையிடி வருமாம். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவளுக்கு. வேலி நிறைய அந்த உருண்டைகள் இருக்கும்.

முதல் பயணத்துக்கு முதல்நாள் காரை அவளுக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்தினேன். பின்சீற்றில் மடித்த மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு, இரண்டு தலையணை. சல்லடைக்கு முன்னால் தலையணை சரிந்துவிடாதபடி, வலையில் கட்டும் மிதவை ஒன்றைப் பாதியாக வெட்டி அடையாக வைத்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, இந்த ஓட்டை என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

"அதில தலையணை வைக்காத. அதைத் தொடாத."

"அதுதான், என்னத்துக்கு எண்டு கேக்கிறன்."

"சொன்னா உனக்கு விளங்காது."

அவள் சரி என்றாள். இருபத்தேழு வருடம் என்னோடு இருந்தவள். நான் விளங்காது என்று சொன்னால், எனக்குச் சொல்லப் பஞ்சியாக, சோம்பலாக இருக்கிறது என்று அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும்.

தவணைக்கு முதல்நாள் முழுவதும் காரோடுதான் இருப்பேன். கடற்காற்றில் நிற்கிற வாகனத்தை உப்பு தின்றுவிடும். அதனால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுவேன். இளஞ்சிவப்புத் தண்ணீரின் மட்டத்தைப் பார்ப்பேன். டயரில் காற்றுப் பார்ப்பேன். சின்னப் பற்றரியின் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையைச் சுரண்டுவேன். ஈரத்துணியால் அந்தச் சல்லடையின் மேற்புறத்தைத் துடைப்பேன். பிறகு ஸ்டார்ட் செய்து, முன்னால் நின்று கேட்பேன். ஒன்றும் கேட்காது. சத்தம் போடாத எஞ்சினை எப்படி நம்புவது என்று புறுபுறுப்பேன். "ஆட மாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்று அவள் குசினியிலிருந்து குரல் கொடுப்பாள். சிரிப்பு வர வேண்டிய இடம்தான். எனக்கு வராது. அவளோடு போய் உட்கார்ந்திருக்க வேண்டிய அந்தப் பொழுதுகளை எல்லாம் நான் காருக்கடியில் கழித்தேன். காரில் என்ன பிழை என்று பார்க்க எனக்குத் தெரியும். அவளிடம் என்ன கதைப்பது என்று தெரியவில்லை.

முதல் தவணை ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. திரும்பி வந்து சீற்றைத் தட்டும்போது பார்த்தேன், வெள்ளை விரிப்பு முழுவதும் முடி. நீளம் நீளமாக. சொல்லியிருந்தார்கள்தான், உதிரும் என்று. ஆனாலும் கண்ணால் கண்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். விரிப்பை இழுத்து உதறி, சீற்றின் துணியில் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே, "கார் முழுக்க முடி. இந்த முடிதான் எல்லாத்துக்குள்ளயும் போய்ச் சிக்கிறது. மனுசன் எத்தனை தரம் துடைக்கிறது?" என்று சத்தமாகச் சொன்னேன். நிமிர்ந்தபோது அவள் குசினிக் கதவில் கை வைத்தபடி நின்றாள். திரும்பி உள்ளே போனாள்.

மூன்றாம் பயணத்துக்குப் பிறகு விரிப்பில் ஒரு முடிகூட இருக்கவில்லை. நாலாவதிலும் இல்லை. அவள் தலையில் துணி கட்டியிருந்தாள். அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். சீற் சுத்தமாக இருந்ததில் எனக்குத் திருப்தி என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

நானா சொன்ன இரண்டு மூன்று மாதம் ஆகிவிட்டிருந்தது. ஒரு நாள் ஸ்குரூ முறுக்கியை எடுத்துக்கொண்டு டிக்கியைத் திறந்தேன். ஸ்குரூவில் கை வைக்கும் முன், பக்கத்து மூடியின் ஓரத்தைச் சற்று விலக்கிப் பார்த்தபோது அந்தச் செம்மஞ்சள் வயர் தெரிந்தது. கடலில் இடி மின்னலுக்குள் எஞ்சின் திருத்தியவன்தான். என்றாலும் கை போகவில்லை. எனக்கு ஏதாவது ஆனால் அவளை யார் கொண்டுபோவது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மூடியைத் திரும்ப அமர்த்திவிட்டு, கராஜுக்குக் கொண்டுபோகவும் மனமில்லாமல், வெளியே துடைத்ததே போதும் என்று விட்டுவிட்டேன். முப்பது வருட எஞ்சின்காரன் ஒரு விசிறியைக் கழற்றப் பயந்தான் என்று பாலாவிச் சந்தியில் கதை வருமே என்பதுதான் உண்மையான காரணம்.

நாலாம் பயணத்தில் திரும்பி வரும்போது பின்னாலிருந்து அவள், "இஞ்ச ஏதோ இரையுது. காதுக்குக் கிட்ட," என்றாள்.

"ஏசிச் சத்தம்," என்றேன்.

"ஏசி முன்னாலதானே இருக்கு?"

நான் முன்னால் போன லொறியை முந்தினேன்.

ஐந்தாம் தவணை நாளில் விடியப் புறப்பட்டோம். மாதம்பையைத் தாண்டும்போது முன்பலகையில் சிவப்பு முக்கோணம் ஒன்று எரிந்தது. கால் அழுத்த அழுத்த கார் இழுக்கவில்லை. ஓர் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். மூடியைத் திறந்தேன். தண்ணீர் சரி, எண்ணெய் சரி, பெல்ட் சரி. காது கொடுத்தேன். ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். தென்னந்தோப்புக்குள் இருந்த வீட்டிலிருந்து ஒரு சிங்கள அம்மா கதிரை ஒன்றைக் கொண்டுவந்து என் மனைவிக்குப் போட்டு, பிளேன்டீயும் கொடுத்தார். நான் தெருவில் போன வான்களை மறித்தேன். எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளால் நிரம்பியிருந்தன. தெரிந்த வான்காரர் ஒருவர் புத்தளத்திலிருந்து வர இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றார். ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு முன் நம்பர் எடுக்க வேண்டும். எட்டரை ஆனது, ஒன்பதானது, ஒன்பதரை ஆனது.

"விடுங்கோ," என்றாள். "அடுத்த திகதி தருவினம்தானே." தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தாள். "விரலெல்லாம் மரத்துப் போச்சு. கோப்பை சுடுதோ இல்லையோ எண்டுகூடத் தெரியேல்ல."

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வந்தது. அதை விட்டுவிட்டுப் போய் மறுபடியும் மூடியைத் திறந்து பார்த்தேன்.

பதினொரு மணிக்குக் கார் ஆறி, ஒன்றுமே நடவாதது போல ஸ்டார்ட் ஆனது. தவணை போய்விட்டது. மெதுவாகத் திருப்பிக்கொண்டு ஊருக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் அடுத்த திகதியை இரண்டு வாரம் தள்ளித்தான் கொடுத்தார்கள். ஒரு தாதியிடம், இரண்டு வாரம் பிந்தினால் ஏதும் ஆகுமா என்று பிறகு கேட்டேன். ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அந்த ஒரு வசனத்தை நான் இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளே பாலாவிக்குப் போனேன். கராஜில் நாலைந்து பேர் நின்றார்கள். நானா ஸ்கேனரைக் கொழுவிப் பார்த்துவிட்டு, "பற்றரி நல்லாச் சூடாகி இரிக்கி அண்ணன். காத்துப் போகல்ல போல. விசிறியத் தெறந்து பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பார்த்தேன். துடைச்சேன்," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "எண்டாலும் ஒருக்காத் தெறந்து பாப்பம்," என்று டிக்கியைத் திறந்து குனிந்தார். அப்போதுதான் நான் வெடித்தேன். நல்ல கிழவி என்று சொல்லி என் தலையில் கட்டினீர்கள், பெட்டியைக் கொழுவி இலக்கம் பார்க்கிறவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும், உங்களால் ஒரு மனுசியின் தவணை போனது என்று வாயில் வந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. அவருடைய கையிலிருந்த சாவியைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். மாதக்கணக்கில் மரத்துக் கிடந்த எனக்கு அன்று ஒருநாள்தான் உயிர் வந்தது. அதையும் அந்த மனுசன்மேல் கொட்டித் தீர்த்தேன்.

மிச்ச நாலு பயணமும் வாடகை வானில் போனோம். கார் வேப்பமரத்தடியில் நின்றது. எட்டாம் தவணைக்குப் பிறகு படம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். அதன் பிறகு அவள் பதினொரு வாரம் இருந்தாள். கடைசியில் ஒரு பகல், மத்தியானச் சோற்றுக்கு முன், என்னைக் கூப்பிடாமல், எந்தச் சத்தமும் இல்லாமல் போனாள். மகன் வந்தான், மண் போட்டான், விடுமுறை முடிந்து திரும்பினான். நான் அழவில்லை. கல்லு மனுசன் என்று சிலர் கதைத்தது காதில் விழுந்தது. அவர்களோடு சண்டை போடக்கூட எனக்கு மனம் வரவில்லை.

காரை மட்டும் விடவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை போய் ஸ்டார்ட் செய்து, சின்னப் பற்றரி இறங்காதபடி அரை மணித்தியாலம் ஓட விட்டு, முன்சீற்றில் உட்கார்ந்திருப்பேன். போக இடமில்லை. இளஞ்சிவப்புத் தண்ணீரின் மட்டம் பார்ப்பேன். அடிப்பக்கம் கழுவுவேன். சல்லடையைத் துடைப்பேன். கை பழகியிருந்தது, செய்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சில நாளில் ஒரு காலையில் நானா மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் எழுந்து நின்றேன்.

"அக்காட செய்தி எனக்குப் பிந்தித்தான் வந்திச்சி அண்ணன். வரட்டா வேணாமாண்டு ரெண்டு நாள் யோசிச்சேன்," என்றார்.

கதிரை எடுத்துப் போட்டேன். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், காரை விற்கப் போகிறேன், சிலாபத்திலிருந்து ஆள் வந்து பார்க்கிறதாம் என்றேன். அவர் வேப்பமரத்தடியைப் பார்த்தார். "விக்கிறண்டா வித்துடுங்க. ஆனா என்ன பிழையெண்டு தெரியாம இன்னொருத்தனுக்குக் குடுக்கப்படாது. இப்பயாவது தெறந்து பாக்கட்டா?" என்று கேட்டார். சாவியைக் கொடுத்தேன்.

மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து ரப்பர்க் கையுறை எடுத்துப் போட்டார். டிக்கிக்குள் குனிந்து செம்மஞ்சள் பிடி ஒன்றை இழுத்துக் கழற்றி, அதைத் தன் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார். "பத்து நிமிஷம் பொறுக்கோணும். மின்சாரம் அடங்கட்டும்," என்றார். அவ்வளவுதான் அந்த வித்தை. நாங்கள் இருவரும் பத்து நிமிடம் வேப்பமர நிழலில் இருந்தோம். மதிலுக்கு அப்பால் ஒரு கழுதை கத்தியது. பிறகு அவர் பின்சீற்றின் முதுகைச் சாய்த்தார், பக்கத்து மூடியைக் கழற்றினார், சல்லடையிலிருந்து விசிறிக்குப் போகும் கறுப்புக் குழாயை விலக்கினார். குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றார். கையைப் பின்னுக்கு எடுத்தார். கையுறையைக் கழற்றினார்.

"என்ன நானா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணன், இது அக்காட முடி. நான் தொடுறது சரியில்ல. நீங்க வந்து எடுங்க."

சொல்லிவிட்டு, படலை வரை நடந்துபோய், எனக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்தபடி நின்றார்.

நான் காருக்குள் மண்டியிட்டுக் குழாய்க்குள் கையை விட்டேன். உருண்டைகள். குசினி வேலியில் இருப்பதைப் போன்ற அதே உருண்டைகள். சல்லடையின் கம்பிகளுக்கிடையே ஒவ்வொன்றாகச் செருகியிருக்கிறாள். நான் துடைக்கிற பக்கத்தில் ஒன்றும் தெரியாதபடி உள்ளே தள்ளியிருக்கிறாள். தலையணை வைக்காதே என்றேன், வைக்கவில்லை. சீற்றில் முடி கிடக்கிறது என்றேன், கிடக்கவிடவில்லை. ஓர் இடுக்கு இருந்தது, அது எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொன்றாக எடுத்து என் சாரத்தின் மடியில் போட்டேன். பதினான்கு இருந்தன. எஞ்சின்காரனுக்குத் தேய்மானம் பார்க்கத் தெரியும். விசிறிக்குக் கிட்ட, முதலில் போனவை, பட்டாணி போல இறுக்கமாக, நுனியில் முடிச்சோடு இருந்தன. நடுவில் இருந்தவை தளர்ந்திருந்தன. பிந்தியவற்றில் முடிச்சே இல்லை. கடைசி ஒன்று சுற்றவும் படாமல், ஒரு கொத்தாகக் கசக்கித் தள்ளியிருந்தது. விரல் மரத்துப் போச்சு என்று அவள் மாதம்பையில் சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது. அதற்கு முன்பே மரத்துப்போன விரலால், கார் ஓட ஓட, நான் முன்னாலிருந்து திரும்பிப் பார்த்துவிடுவேனோ என்று பயந்து பயந்து சுற்றியிருக்கிறாள்.

விசிறியில் மிச்சம் அவிழ்ந்து இறுகச் சுற்றியிருந்தது. படகின் விசிறியில் வலை சுற்றினால் கரையில் நின்று காதால் சொல்லுகிறவன் நான். இங்கே இரைகிறது என்று அவள் தன் காதால் கேட்டுச் சொன்னாள். நான் ஏசி என்றேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். படலைக்குப் போய், "நானா, நான் அண்டைக்கு விசிறியைத் திறந்து பார்க்கேல்ல. பொய் சொன்னேன்," என்றேன்.

"தெரியும் அண்ணன்," என்றார், இன்னும் தெருவைப் பார்த்தபடி. "மூடியில ஸ்குரூத் தலையெல்லாம் பழைய தூசியோட இரிந்திச்சி. நீங்க வருத்தக்கார அக்காவ வெச்சிக்கிட்டு நிண்டீங்க. அதுக்குள்ள நான் என்னத்தச் சொல்ற?"

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தூசியைப் பார்த்துவிட்டும் பேசாமல் என் ஏச்சைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். மன்னிப்புக் கேட்க எனக்குப் பழக்கமில்லை. அவருடைய தோளைத் தொட்டேன். அவர் தலையாட்டினார்.

விசிறியில் சுற்றியதையும் நானே அவிழ்த்தேன். ஓர் இழைகூட அறாமல் எடுக்க வேண்டும் என்று ஏனோ பட்டது, அதனால் நெடுநேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை. எல்லாவற்றையும் ஒரு கைலேஞ்சித் துணியில் முடிந்து சட்டைப் பைக்குள் வைத்தேன். பிறகு அவர் வந்து விசிறியைத் துடைத்துப் பூட்டினார், குழாயைப் பொருத்தினார், சட்டைப் பையிலிருந்த செம்மஞ்சள் பிடியைத் திரும்பச் செருகினார். முன்சீற்றில் ஏறி ஸ்கேனரைக் கொழுவினார்.

"நான் இதால விசிறிய ஓட்டுறன். நீங்க பின்னால இரிந்து, காத்து இழுக்குதாண்டு கை வெச்சிப் பாருங்க," என்றார்.

பின்சீற்றில் ஏறினேன். அந்தக் காரில் நான் பின்னால் இருந்தது அதுதான் முதல் தடவை. அவள் தலை வைத்த பக்கத்தில் சாய்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவனின் பிடரி மட்டும்தான் தெரிகிறது. நானா ஏதோ பொத்தானை அழுத்த, காதுக்குப் பக்கத்தில் சன்னமாக ஓர் இரைச்சல் எழுந்தது. சல்லடையில் உள்ளங்கையை வைத்தேன். காற்று என் கையை உள்ளே இழுத்தது. மரத்த கைதான். ஆனாலும் தெரிந்தது.

"இது கார் மூச்சு இழுக்கிற இடம்," என்றேன். "இதை அடைச்சா அதுக்கு மூச்சு முட்டும். அவ்வளவுதான்."

நானா முன்னாலிருந்து திரும்பினார். "அதுதானே அண்ணன் நான் அண்டைக்கே சொன்னேன்?"

"உங்களுக்கில்ல நானா," என்றேன்.